வேலைச் சந்தையைப் படித்துத் தொழில் வாழ்க்கையைத் திட்டமிடுதல்

வேலைச் சந்தைத் தகவல் என்பது நான்கு கேள்விகளுக்கான விடை: ஒரு வேலைக்கு எங்கே, எத்தனை பேர் தேவைப்படுகிறார்கள்? அதே வேலைக்கு எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள்? என்ன சம்பளம் கிடைக்கிறது? உள்ளே நுழைய என்ன தகுதி வேண்டும்? தொழில்துறைத் தகவல் என்பது அந்த வேலையைத் தரும் துறையின் நிலவரம். துறை வளர்கிறதா, தேய்கிறதா, எந்த ஊர்களில் இருக்கிறது, எந்த இயந்திரத்துக்கும் எந்த நாட்டு ஆர்டருக்கும் கட்டுப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் இதில் அடங்கும்.

இந்த விவரங்களில் பெரும்பகுதி இந்தியாவில் காசில்லாமலே கிடைக்கிறது. ஆனாலும் பல குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்பு, உறவினர் சொன்ன ஒரு வார்த்தையிலோ கல்லூரி வாசலில் கட்டிய விளம்பரத் தட்டியிலோ முடிவாகிவிடுகிறது. நான்கு ஆண்டுக் காலமும் சில லட்சம் ரூபாயும் செலவாகும் முடிவுக்கு இந்த ஆதாரம் போதாது. கிடைக்கும் விவரங்களை எந்த வரிசையில் தேடுவது, எப்படிப் படிப்பது, எங்கே சந்தேகப்படுவது என்பவற்றை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

முடிவின் ஆயுளும் தகவலின் ஆயுளும்

எல்லாத் தகவலும் ஒரே காலத்துக்குச் செல்லுபடியாவதில்லை. இதைக் கவனிக்காததால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

ஐ.டி. துறையின் அண்மைக் கால அனுபவம் இதற்குத் தெளிவான சான்று. 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். நிறுவனத்தின் ஊழியர் எண்ணிக்கை நிகரமாக 1,03,546 கூடியது. அந்தச் செய்திகளைப் பார்த்துக் கணினிப் பொறியியலில் சேர்ந்தவர்கள் ஏராளம். 2023-24 நிதியாண்டில் அதே நிறுவனத்தின் ஊழியர் எண்ணிக்கை 13,249 குறைந்தது. இன்ஃபோசிஸில் 25,994 குறைந்தது. 2021இல் சேர்ந்த மாணவர் வளாகத் தேர்வுக்கு உட்கார்ந்தது 2024-25இல். அவர் சேரும்போது படித்த செய்தி அப்போது உண்மைதான். ஆனால் அந்தச் செய்தியின் ஆயுள் ஓராண்டு, அவர் எடுத்த முடிவின் ஆயுளோ நான்கு ஆண்டு.

இதை மனத்தில் வைத்துத் தகவல்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

வேகமான தகவல் சில வாரங்களோ மாதங்களோ செல்லும்: வேலை விளம்பரங்கள், வளாகத் தேர்வுச் செய்திகள், ஏற்றுமதி ஆர்டர் நிலவரம், காலாண்டு முடிவுகள். நடுத்தரத் தகவல் ஓரிரு ஆண்டுகள் நிற்கும்: அரசின் ஆண்டுக் கணக்கெடுப்புகள், கட்டுமானத்தில் இருக்கும் ஆலைகள், நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள். மெதுவான தகவல் பத்தாண்டுக்கும் மேல் நிற்கும்: மக்கள்தொகையின் வயது அமைப்பு, தொழில்நுட்பத்தின் பெரும்போக்கு, ஓர் ஊரில் வேரூன்றிய தொழில்.

முடிவு எத்தனை காலம் ஒருவரைக் கட்டிப்போடுமோ, அத்தனை காலம் நிற்கும் தகவலை ஆதாரமாகக் கொள்ள வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களின் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் நெருக்கடிக்கு உள்ளானது. அந்த மாதம் திருப்பூரில் வேலை மாற நினைத்த, ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு அது முக்கியமான செய்தி. ஜவுளித் தொழில்நுட்பப் பட்டப்படிப்பில் சேரலாமா என்று யோசிக்கும் பதினேழு வயது மாணவருக்கு அந்த ஒரு செய்தி மட்டும் போதாது. பல பத்தாண்டுகளாகப் பல ஏற்ற இறக்கங்களைக் கண்ட தொழில் அது என்பதையும் அவர் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மெதுவான தகவலுக்கு ஓர் எடுத்துக்காட்டு, பிள்ளைப்பேறு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை இரண்டுக்குக் கீழே இறங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கப் பள்ளிக்கு வரும் குழந்தைகள் குறைவார்கள், முதியோர் பெருகுவார்கள் என்பது இதிலிருந்து நேரடியாகத் தெரிவது. 2000களில் மாவட்டந்தோறும் பெருகிய தனியார் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் பல, பின்னாளில் மாணவர் இல்லாமல் மூடப்பட்டன. மறுபுறம் செவிலியர், இயன்முறை மருத்துவர், முதியோர் பராமரிப்பாளர் ஆகியோரின் தேவை இந்த வயது மாற்றத்தால் நீண்ட காலம் கூடிக்கொண்டே போகும்.

துறை வேறு, தொழில் வேறு

“ஆட்டோமொபைல் லைனுக்குப் போகிறேன்” என்பது துறையைச் சொல்கிறது. “வெல்டர் ஆகப் போகிறேன்” என்பது தொழிலைச் சொல்கிறது. அரசின் புள்ளிவிவரங்கள் இரண்டையும் தனித்தனிப் பட்டியல்களில் வைத்திருக்கின்றன. துறைகளுக்கு 2008ஆம் ஆண்டின் தேசியத் தொழில்துறை வகைப்பாடு: இதில் 13 ஜவுளி, 14 ஆயத்த ஆடை, 29 மோட்டார் வாகனம். தொழில்களுக்கு 2015ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாடு: இதில் 7212 என்ற எண் வெல்டருக்கு உரியது.

இந்த வேறுபாடு வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம் என்பதைத் திருச்சி காட்டுகிறது. அங்கே பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வளர்ந்தன. அனல் மின் நிலையங்களுக்கான புதிய ஆர்டர்கள் குறைந்த ஆண்டுகளில் பல பட்டறைகள் வேலையின்றித் தவித்தன. அந்தப் பட்டறைகள் நம்பியிருந்த துறை சுருங்கியது. ஆனால் உயர் அழுத்தக் குழாயை எந்த நிலையிலும் பற்றவைக்கத் தெரிந்த 6ஜி வெல்டரின் தொழில் சுருங்கவில்லை. கப்பல் கட்டும் தளம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, வளைகுடா நாடுகளின் குழாய்ப் பணிகள் என்று அவருடைய திறமைக்கு வேறு இடங்கள் இருந்தன.

ஆகவே திட்டமிடுபவர் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இந்தத் துறை அடுத்த பத்தாண்டில் எப்படி இருக்கும்? இந்தத் துறை சரிந்தால் இந்தத் தொழில் வேறு எந்தெந்தத் துறைகளில் செல்லும்? கணக்காளர், எலக்ட்ரீஷியன், தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர், கிடங்கு மேலாளர் போன்றோரை எல்லாத் துறைகளும் எடுத்துக்கொள்ளும். ஒரே வகை ஆலையில் மட்டும் பயன்படும் வேலைகள், அந்த ஆலையோடு சேர்ந்தே வாழவும் தாழவும் செய்யும்.

மின்வாகனங்களின் வரவையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அதனால் வாகனத் துறை முழுவதும் ஒரே மாதிரி மாறப்போவதில்லை. பிஸ்டன், வால்வு, எரிபொருள் இன்ஜெக்டர், சைலன்சர் ஆகியவை மின்வாகனத்துக்குத் தேவையில்லை. பிரேக், டயர், இருக்கை, விளக்கு, சஸ்பென்ஷன் ஆகியவை எந்த வாகனத்துக்கும் வேண்டும். பேட்டரி, மோட்டார், கண்ட்ரோலர், மின்கம்பித் தொகுதி ஆகியவற்றுக்குத் தேவை கூடும். சென்னையிலோ ஓசூரிலோ கோவையிலோ வேலைக்குச் சேருபவர், அந்த நிறுவனம் எந்தப் பாகத்தைச் செய்கிறது என்று கேட்டாலே அதன் எதிர்காலத்தில் பாதியை அறிந்துகொள்ளலாம்.

அரசின் மூன்று எண்கள்

முதலாவது, காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 ஏப்ரல் முதல் இதை நடத்துகிறது. முன்பு ஆண்டறிக்கையும் காலாண்டு அறிக்கையும் வந்தன. 2025 முதல் மாத அறிக்கையும் வருகிறது. செய்திகளில் வரும் வேலையின்மை விகிதம் பெரும்பாலும் இதிலிருந்து எடுக்கப்பட்டதே. 2023-24 அறிக்கையின்படி 15 வயதுக்கு மேற்பட்டோரில் வேலையின்மை 3.2 சதவீதம். அதே அறிக்கையில் 15 முதல் 29 வயதுடையோரின் வேலையின்மை 10.2 சதவீதம். முதல் வேலையைத் தேடும் இளைஞருக்கு இரண்டாவது எண்தான் பொருந்தும்.

வேலையில் இருப்பவர் என்று இந்தக் கணக்கெடுப்பு யாரைச் சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நடப்பு வார அளவுகோலின்படி, கடந்த ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் வேலையில் இருப்பவரே. வழக்கமான நிலை என்னும் அளவுகோல் ஓராண்டைப் பார்க்கிறது. மேலும், 2023-24இல் வேலையில் இருந்தவர்களில் 58.4 சதவீதத்தினர் சுயதொழில் செய்பவர்கள். இதில் குடும்பக் கடையிலும் வயலிலும் கூலியின்றி உதவுபவர்களும் அடக்கம். மாதச் சம்பளக்காரர்கள் 21.7 சதவீதம் மட்டுமே. மாதச் சம்பள வேலையை நாடுபவர் இந்த ஐந்தில் ஒரு பங்குக்குள்தான் போட்டியிடுகிறார். ஆகவே வேலையின்மை விகிதத்தோடு மாதச் சம்பளக்காரர்களின் பங்கையும் அவர் ஆண்டுதோறும் பார்த்து வருவது நல்லது.

இரண்டாவது, ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு. பதிவு பெற்ற ஆலைகளை மட்டும் இது எண்ணுகிறது. 2022-23இல் நாடு முழுவதும் ஆலைகளில் சுமார் 1.84 கோடிப் பேர் வேலையில் இருந்தார்கள். அதிகப் பேர் வேலை செய்யும் மாநிலம் தமிழ்நாடு. துறைவாரியாக எத்தனை ஆலை, எத்தனை ஆள், மொத்தச் சம்பளம் எவ்வளவு என்ற அட்டவணைகள் இதில் இருக்கின்றன. மொத்தச் சம்பளத்தை ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் துறைகளின் சராசரிச் சம்பளத்தை ஒப்பிடலாம். ஆலைத் தொழிலாளர்களில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்பதும் இதில்தான் தெரியும். அறிக்கை வெளிவர ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதால் இது துறையின் அமைப்பை அறியப் பயன்படும், இந்த மாத நிலவரத்தை அறியப் பயன்படாது.

மூன்றாவது, பி.எஃப். அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் புதிய சந்தாதாரர் விவரம். இது 2018 முதல் வருகிறது. வயது, மாநிலம், துறை என்று பிரித்துப் பார்க்க வசதியானது. ஆனால் இருபதுக்கும் குறைவானோர் வேலை செய்யும் சிறு இடங்கள் பெரும்பாலும் இதில் வருவதில்லை. ஏற்கெனவே வேலையில் இருந்தவருக்கு இப்போதுதான் பி.எஃப். பிடிக்கத் தொடங்கினால் அவரும் புதியவராகவே எண்ணப்படுகிறார். எனவே இந்த எண்ணைப் புதிதாக உருவான வேலைகளின் எண்ணிக்கையாகக் கொள்ளக் கூடாது.

பற்றாக்குறை என்ற பேச்சைச் சோதித்தல்

“ஆள் கிடைப்பதில்லை” என்று எல்லாத் துறையினரும் சொல்கிறார்கள். அது உண்மையா என்பதைச் சம்பளம் காட்டிக்கொடுக்கும். உண்மையிலேயே ஆள் பற்றாக்குறை உள்ள வேலைக்கு, விலைவாசியை விட வேகமாகச் சம்பளம் ஏறும். தங்கும் இடம், சாப்பாடு, முன்பணம் ஆகியவற்றையும் முதலாளிகள் தாமாகவே தர முன்வருவார்கள். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் புதிய பொறியாளரின் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சம் ரூபாய் அளவிலேயே நின்றது. தொடக்க நிலை ஆட்கள் தேவைக்கு மேல் கிடைத்தார்கள் என்பதே இதன் பொருள். அதே நிறுவனங்கள் குறிப்பிட்ட திறமையும் சில ஆண்டு அனுபவமும் உள்ளவர்களுக்கு நல்ல உயர்வு கொடுத்து இழுத்தன. அங்கே பற்றாக்குறை மெய்யானது. ஆகவே பற்றாக்குறை எந்த அனுபவ நிலையில் இருக்கிறது என்பதையும் விசாரிக்க வேண்டும்.

தேவை இரு வழிகளில் பிறக்கிறது. துறை வளர்வதால் புதிய இடங்கள் உருவாகின்றன. ஓய்வு பெறுவோராலும் விலகுவோராலும் பழைய இடங்கள் காலியாகின்றன. வளராத துறையிலும் இரண்டாவது வழியில் ஆண்டுதோறும் கணிசமான வேலை கிடைக்கும். ஒரு பட்டறையில் டூல் அண்ட் டை மேக்கர்கள் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்கள் என்றால், இளைஞர் ஒருவருக்கு அங்கே இடம் உண்டு. வளரும் துறை என்று பெயர் வாங்கிய இடத்தில் பல்லாயிரம் பேரோடு மோதுவதை விட இது எளிதான வழியாக இருக்கலாம்.

முதலீட்டு அறிவிப்புகளைப் படித்தல்

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. இப்படிப்பட்ட அறிவிப்புகள் வேலை தேடுவோருக்குப் பயன்படுபவைதான். ஆனால் ஒப்பந்தத்துக்கும் ஆள் எடுப்புக்கும் நடுவே நிலம், அனுமதி, கட்டுமானம், இயந்திரம், சோதனை உற்பத்தி என்று பல கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டத்திலும் சில திட்டங்கள் நின்றுபோகும், சில சுருங்கும்.

வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடியில் மின்வாகன ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்டில் ஆலையைத் திறந்தது. ஒன்றரை ஆண்டில் முடிந்தது மிக வேகமான வேலை. பல திட்டங்களுக்கு இதைப் போல இருமடங்கு காலம் ஆகும். அறிவிப்பில் வரும் வேலை எண்ணிக்கையில் நேரடி வேலையும் மறைமுக வேலையும் கலந்திருப்பது வழக்கம். அது பல ஆண்டுகளில் எட்டப்போகும் மொத்த எண்ணிக்கையாகவும் இருக்கும்.

சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் திட்டங்களின் ஆவணங்கள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் கிடைக்கின்றன. கட்டுமானத்தின்போது எத்தனை பேர், ஆலை இயங்கும்போது எத்தனை பேர் என்று அவற்றில் தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். செய்தித்தாள் தலைப்பில் வந்த எண்ணோடு இதை ஒப்பிட்டால் நிலவரம் தெளிவாகும். மாநில அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட்டின் நில ஒதுக்கீடு, கட்டுமானப் பணி, மேலாளர் நிலைக்கான முதல் விளம்பரம் ஆகியவை அடுத்தடுத்த அடையாளங்கள். மேலாளர்களையும் பராமரிப்புப் பொறியாளர்களையும் எடுக்கத் தொடங்கினால், இன்னும் சில மாதங்களில் ஆபரேட்டர்களை எடுப்பார்கள் என்று கொள்ளலாம்.

ஆலை வருவதைப் போலவே போவதும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அவர்களில் பெரும்பகுதி பெண்கள், வேலையை இழந்தார்கள். பின்னர் அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் போன்ற நிறுவனங்களால் ஐபோன் பொருத்தும் தொழில் பெரிதாக வளர்ந்தது. வட்டாரம் மீண்டது என்றாலும் இடைப்பட்ட ஆண்டுகளை அந்தத் தொழிலாளர்கள் திரும்பப் பெறவில்லை. பொருத்தும் வேலை எளிதில் இடம்பெயரக்கூடியது. அந்த வேலையில் சேருபவர், வேலையில் இருக்கும்போதே இயந்திரப் பராமரிப்பு, தரச் சோதனை போன்ற வேறு இடங்களிலும் விலை போகும் ஒரு திறமையைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு நிறுவனத்தை அறிதல்

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை ஒன்றை வெளியிட வேண்டும். சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் இது கட்டாயம். பி.ஆர்.எஸ்.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த அறிக்கை முதலீட்டாளர்களுக்காக எழுதப்பட்டது. ஆனால் வேலைக்குச் சேருபவருக்கு இதைவிட உதவும் ஆவணம் குறைவு.

இதன் முதல் பகுதியிலேயே நிரந்தர ஊழியர் எத்தனை, நிரந்தரம் அல்லாதோர் எத்தனை, அவர்களில் பெண்கள் எத்தனை என்ற அட்டவணை இருக்கும். அதை அடுத்து மூன்று ஆண்டுகளின் விலகல் விகிதம் வரும். ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பது பேர் விலகும் இடத்துக்கும் ஐந்து பேர் விலகும் இடத்துக்கும் வேலைச் சூழல் ஒன்றாக இருக்க முடியாது. ஆண், பெண் ஊழியர்களின் இடைநிலைச் சம்பளம், வேலையிடத்தில் நேர்ந்த விபத்துகள், பயிற்சி பெற்றோர் விகிதம் ஆகியவையும் இருக்கும். ஆபரேட்டராகச் சேரப்போகிறவர், தொழிலாளர் என்ற வரிசையில் நிரந்தரமானவர்களின் பங்கைப் பார்க்க வேண்டும். அது மிகக் குறைவாக இருந்தால், ஒப்பந்தத்தில் சேர்ந்து பின்னர் நிரந்தரமாகலாம் என்ற நம்பிக்கைக்கு இடம் குறைவு.

பட்டியலிடப்படாத சிறு நிறுவனங்களுக்கு இந்த வசதி இல்லை. அங்கே சம்பளம் குறித்த நாளில் வருகிறதா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, கடைசி ஓராண்டில் எத்தனை பேர் விலகினார்கள் என்பவற்றை உள்ளே வேலை செய்பவரிடம் கேட்டே அறிய வேண்டும்.

வேலை விளம்பரங்களை எண்ணுதல்

ஒரு விளம்பரம் தனியாகச் சொல்வது குறைவு. ஐம்பது விளம்பரங்களைச் சேர்த்துப் படித்தால் சந்தையின் உருவம் தெரியும். மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம், தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்புத் தளம், தனியார் இணையதளங்கள், உள்ளூர் செய்தித்தாள் ஆகியவற்றிலிருந்து ஒரே வேலைக்கான ஐம்பது விளம்பரங்களை எடுத்து ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுத வேண்டும். ஊர், கேட்கும் படிப்பு, கேட்கும் அனுபவம், கேட்கும் திறமைகள், சம்பளம், விளம்பரம் வந்த நாள் ஆகிய ஆறு பத்திகள் போதும்.

கோவையில் சி.என்.சி. எனப்படும் கணினிக் கட்டுப்பாட்டு இயந்திர வேலைக்கான ஒரு வழக்கமான விளம்பரம் இப்படி இருக்கும்: “சி.என்.சி. செட்டர் கம் ஆபரேட்டர் தேவை. ஃபேனுக் கண்ட்ரோல் தெரிந்திருக்க வேண்டும். டிராயிங் ரீடிங் அவசியம். ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ, 2 ஆண்டு அனுபவம். 12 மணி நேர ஷிஃப்ட், ஓ.டி. உண்டு, ரூம் வசதி உண்டு.” இதிலிருந்து பல செய்திகளைப் பெறலாம். ஐ.டி.ஐ. படித்தவரும் டிப்ளமோ படித்தவரும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகிறார்கள். முதலாளி உண்மையில் தேடுவது கண்ட்ரோல் பழக்கத்தையும் வரைபடம் படிக்கும் திறனையும்தான். ரூம் வசதி என்ற சொல், உள்ளூரில் ஆள் போதவில்லை என்பதைக் காட்டுகிறது. 12 மணி நேர ஷிஃப்ட் என்பதால், சம்பளத்தில் எவ்வளவு அடிப்படைச் சம்பளம், எவ்வளவு ஓ.டி. என்று கேட்டாக வேண்டும்.

ஐம்பதையும் எழுதி முடித்தபின் எந்தத் திறமை எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணினால், எதை முதலில் கற்க வேண்டும் என்ற வரிசை கிடைக்கும். அனுபவம் கேட்காத விளம்பரங்கள் எத்தனை என்று எண்ணினால், புதியவருக்கு வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது தெரியும். ஒரே நிறுவனம் ஒரே வேலைக்கு மாதந்தோறும் விளம்பரம் கொடுத்தால், ஒன்று அது வேகமாக வளர்கிறது, அல்லது அங்கே ஆட்கள் நிற்பதில்லை.

பணம் கட்டச் சொல்லும் வேலை விளம்பரங்களை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். வெளிநாட்டு வேலை என்றால் ஏஜெண்ட் மத்திய அரசிடம் உரிமம் பெற்றவரா என்று இ-மைகிரேட் தளத்தில் சரிபார்க்க வேண்டும்.

கல்லூரி தரும் விவரங்கள்

“நூறு சதவீத வேலைவாய்ப்பு” என்பதில் கேட்க வேண்டியது, எத்தனை பேரில் நூறு சதவீதம் என்பதே. தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.பில் பங்கேற்கும் கல்லூரிகள் தாங்கள் சமர்ப்பித்த விவரத் தாளைத் தம் இணையதளத்தில் வைத்திருக்கின்றன. அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்ற வரிசை இருக்கும்.

ஒரு கல்லூரியில் 300 பேர் சேர்ந்து, 240 பேர் உரிய காலத்தில் முடித்து, 150 பேர் வேலை பெற்று, 30 பேர் மேற்படிப்புக்குச் சென்றதாக வைத்துக்கொள்வோம். நேர்முகத்துக்குத் தகுதி பெற்றவர்கள் என்று அந்த 150 பேரை மட்டும் கணக்கில் எடுத்தால் அது நூறு சதவீதம். முடித்தவர்களில் அது 62.5 சதவீதம். சேர்ந்தவர்களில் பாதி. சேரப்போகும் மாணவருக்குப் பொருந்தும் கணக்கு கடைசியானது. சராசரிச் சம்பளத்தை விட இடைநிலைச் சம்பளம் நம்பகமானது, ஏனெனில் ஓரிருவர் வாங்கும் பெரிய தொகை அதை உயர்த்திக் காட்ட முடியாது. சி.டி.சி. என்று சொல்லப்படும் தொகையில் நிறுவனம் கட்டும் பி.எஃப்., பணிக்கொடை, உறுதியற்ற ஊக்கத்தொகை எல்லாம் அடங்கும். மாதம் கைக்கு வருவது எவ்வளவு என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அரசு வேலையின் கணக்கு

2024ஆம் ஆண்டின் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு முதல் அறிவிப்பில் 6,244 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல் என்ற கணக்கு வருகிறது. பின்னர் இடங்கள் கூட்டப்பட்டதால் இந்த விகிதம் குறைந்தது என்றாலும் போட்டி கடுமையானதே. முயற்சி செய்ய வேண்டாம் என்பது இதன் பொருளாகாது. எத்தனை ஆண்டு, எத்தனை முறை எழுதுவது, அந்தக் காலத்தில் குடும்பச் செலவுக்கு என்ன வழி, கிடைக்காவிட்டால் எந்த வேலை என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே பொருள். எல்லை வகுக்காமல் இருபதுகளின் முக்கியமான ஆண்டுகளைத் தேர்வுக்கே கொடுத்தவர், தனியார் துறைக்கு வரும்போது அனுபவமின்றி நிற்க நேரிடுகிறது.

ஆட்களிடம் கேட்டல்

எந்த அறிக்கையும் சொல்லாத விவரங்களை அந்த வேலையில் இருப்பவர்கள் சொல்வார்கள். அந்த வேலையில் இரண்டு முதல் ஐந்து ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர், பதினைந்து ஆண்டு ஆன ஒருவர், அதை விட்டு விலகிய ஒருவர் ஆகிய மூவரிடம் பேசுவது நல்லது. முதலாமவர் நுழையும் வழியைச் சொல்வார். இரண்டாமவர் உயரும் வழியைச் சொல்வார். மூன்றாமவர் மற்ற இருவரும் சொல்லத் தயங்குவதைச் சொல்வார்.

“நல்ல வேலையா அண்ணா?” என்று கேட்டால் “பரவாயில்லை தம்பி” என்றுதான் விடை வரும். நேற்று காலையிலிருந்து இரவு வரை என்னென்ன செய்தார், முதல் சம்பளம் எவ்வளவு, இப்போது எவ்வளவு, அவரோடு சேர்ந்தவர்கள் இப்போது எங்கே, புதிதாக வந்திருக்கும் இயந்திரமோ மென்பொருளோ எந்த வேலையை எடுத்துக்கொண்டது என்று குறிப்பாகக் கேட்டால் குறிப்பான விடை வரும்.

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்களில் இலவச ஆலோசனை கிடைக்கிறது. அங்கு நடக்கும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களில் ஒரே நாளில் பல நிறுவனங்களின் மனிதவள அலுவலர்களைச் சந்திக்கலாம். வேலை வேண்டாதவரும் கேள்வி கேட்கப் போகலாம். கல்லூரியில் படிப்பவர்களுக்கு, 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகள் உண்டு.

சிறிய அளவில் சோதித்தல்

தகவல் எவ்வளவு நல்லதானாலும் வேலை தனக்குப் பொருந்துமா என்பதைச் செய்து பார்த்தே அறிய முடியும். அதற்கு அப்ரண்டிஸ் பயிற்சி நல்ல வழி. 1961ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டப்படியும் அதன் விதிகளின்படியும், முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் தம் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பயிற்சியாளர்களை எடுக்க வேண்டும். உதவித்தொகையோடு ஓராண்டு ஓர் ஆலையின் உள்ளே இருந்து பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு இது. விடுமுறைக் காலப் பயிற்சி, வார இறுதி வேலை, குறுகிய காலப் படிப்பு ஆகியவையும் இதே பயனைத் தரும்.

திட்டத்தை எழுதுதல்

திரட்டிய எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுத முடிய வேண்டும். தாளில் இருக்க வேண்டியவை:

1. இலக்குத் தொழிலும் அது செல்லுபடியாகும் குறைந்தது மூன்று துறைகளும்.
2. அந்த வேலை கிடைக்கும் ஊர்களும், அங்கே தங்கிச் சாப்பிட ஆகும் மாதச் செலவும்.
3. தொடக்கச் சம்பளமும் ஐந்தாம் ஆண்டுச் சம்பளமும், அந்த எண்கள் எங்கிருந்து கிடைத்தன என்ற குறிப்பும்.
4. விளம்பரங்களில் அதிகம் கேட்கப்பட்ட ஐந்து திறமைகளும், அவற்றில் இப்போது கைவசம் இருப்பவையும்.
5. படிப்பின் மொத்தச் செலவு, கல்விக் கடன் என்றால் மாதத் தவணை, அது தொடக்கச் சம்பளத்தில் எத்தனை பங்கு.
6. முதல் வழி அடைபட்டால் எடுக்கும் இரண்டாவது வழி.
7. எந்த அடையாளம் தெரிந்தால் திட்டத்தை மாற்றுவது.

திருச்சியில் மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொண்டால், அவர் தாளில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் என்பது இலக்காகவும், வாகன உதிரிபாகம், ஃபேப்ரிகேஷன், மின்னணுச் சாதனம் என்பவை துறைகளாகவும் இருக்கலாம். ஓசூர், கோவை, ஸ்ரீபெரும்புதூர் ஆகியவை ஊர்கள். அளவுக் கருவிகளைக் கையாளுதல், வரைபடம் படித்தல், எக்ஸெல் ஆகியவை முதலில் கற்க வேண்டியவை. இறுதி ஆண்டுக்குள் அப்ரண்டிஸ் இடம் அமையாவிட்டால் சி.என்.சி. செட்டர் என்பது இரண்டாவது வழி. மாற்றத்துக்கான அடையாளம், ஆறு மாத இடைவெளியில் எண்ணிய ஐம்பது விளம்பரங்களில் புதியவருக்கான இடங்கள் பாதியாகக் குறைவது.

இந்தத் தாளை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதாது. விளம்பரங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், நிறுவன அறிக்கைகளையும் கணக்கெடுப்புகளையும் ஆண்டுக்கு ஒருமுறையும், துறையின் பெரும்போக்கை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பார்த்துத் திருத்த வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகும் இந்தப் பழக்கம் தொடர்ந்தால், ஆட்குறைப்புச் செய்தி வரும் நாளில் அடுத்து விண்ணப்பிக்க வேண்டிய இடங்களின் பட்டியல் ஏற்கெனவே கையில் இருக்கும்.